நாமக்கல் லாரி கணக்கு
லாரின்னா நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடுன்னு எல்லாரும் சொல்றோம், ஆனா அங்க லாரி வச்சிருக்கவங்கள்ல பெரிய கம்பெனின்னு பாத்தா கொஞ்சந்தான், ஒண்ணு ரெண்டு வண்டியை பைனான்ஸ்ல எடுத்து ஓட்டுறவங்கதான் ஜாஸ்தி. மொட்டை சேஸிஸ (கேபின், பாடி எதுவும் இல்லாத வெறும் அடிச்சட்டமும் இன்ஜினும்) நாமக்கல் பட்டறைக்கு கொண்டாந்து விட்டா பாடி கட்டி, பெயின்ட் அடிச்சு, முன்னாடி சாமி பேரெல்லாம் எழுதி குடுத்துருவாங்க (அந்த மொட்டை சேஸிஸ தலையில துண்டு கட்டிக்கிட்டு ஓட்டிட்டு வர்றவரை பாத்திருக்கீங்களா, தனி தைரியம்ங்க அது).

வண்டி வாங்குறது கூட பெரிசில்ல, ரிட்டன் லோடுதான் விஷயமே. போற லோடு டீசலுக்கும் டோலுக்குமே சரியா போயிரும், வர்றப்ப புரோக்கர் ஆபீஸ் வாசல்ல ரெண்டு நாள் படுத்து கிடந்தா டியூ எங்கிருந்து கட்டுறது? 2018ல ரெண்டு ஆக்சில் (சக்கர அச்சு) வண்டிக்கு, வண்டியும் லோடும் சேந்து இருக்கலாம்ங்குற மொத்த எடைய 16.2 டன்ல இருந்து 18.5 டன்னா ஏத்துனாங்க, ஓவர்லோடு கேஸ் குறையும்னு சந்தோசப்பட்டோம், ஆனா எல்லா வண்டியும் கூட ஏத்துனா லோடு பத்தாம வாடகைதானே அடிவாங்கும், அத அப்ப யோசிக்கல. 2025 அக்டோபர்ல இருந்து செய்யுற புது லாரிக்கு ஏசி கேபின் கட்டாயமாம், டிரைவருக்கு நல்லதுதான், எங்க பழைய வண்டிக்கு இன்னும் ஜன்னல் காத்துதான் 😄