கார் ஸ்டீரியோவுடன் ஒரு மியூசிக் பிளேயரை இணைத்த அனுபவம்

அழைப்புகளும் அறிவிப்புகளும் குறுக்கிடாமல் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதற்காகவே, கைபேசி இருந்தும் தனியாக ஒரு மியூசிக் பிளேயரை வைத்திருக்கிறேன். என் காரின் ஸ்டீரியோவில் ப்ளூடூத் வசதி இல்லை. வானொலியும் சிடியும், வெளிக் கருவியின் ஒலியை வயர் வழியே வாங்கிக்கொள்ளும் 3.5 மி.மீ. ஆக்ஸ் துளை முகப்பிலும் மட்டுமே உண்டு.

வயர் தேவைப்படாது, சார்ஜும் ஏறும் என்பதால் பிளேயரின் பாட்டைக் காரின் வானொலிக்கே ஒலிபரப்பும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை முதலில் பொருத்திப் பார்த்தேன். ஆனால் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வரிசையில் காலியாகத் தெரிந்த இடத்தில் அதை அமைத்துவிட்டுக் கிளம்பினால், சிறிது தூரத்திலேயே வேறொரு நிலையம் அதே இடத்தில் வந்து பாட்டை அமுக்கிவிடும். எஃப்.எம். ஒலிபரப்பு ஏறத்தாழ 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைக் கடத்துவதில்லை என்பதால் தாளக் கருவிகளின் கூர்மையும் குறைந்தே கேட்கும். ஆக்ஸ் துளை இருப்பவர்கள் இந்த வழிக்குப் போகவே வேண்டாம்.

இருபுறமும் பின் உள்ள ஸ்டீரியோ கேபிளை ஆக்ஸில் செருகியதும் ஒலி தெளிந்தது. இதில் ஒலியளவைப் பொறுமையாக அமைக்க வேண்டும். பிளேயரில் குறைவாக வைத்து ஸ்டீரியோவில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறது. பிளேயரில் முழுவதுமாக வைத்தால் உச்ச இடங்களில் ஒலி உடையக்கூடும். முக்கால் பங்கில் பிளேயரை நிறுத்தி, ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் அதன் ஈக்வலைசரையும் அணைத்துவிட்டு, மற்றதை ஸ்டீரியோவில் சரிசெய்தது எனக்குப் பொருந்தியது.

சார்ஜரைச் செருகியபோதுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் உயர்ந்துகொண்டே போயிற்று. சார்ஜரைக் கழற்றினால் நின்றது. சார்ஜரை விட்டுவிட்டு ஆக்ஸ் கேபிளைப் பிளேயரிலிருந்து உருவினாலும் நின்றது. ஆகவே குற்றம் இரண்டில் எதன் மீதும் இல்லை. இரண்டும் சேர்ந்து உருவாக்கும் சுற்றுவழியில்தான் இருந்தது. சார்ஜரும் ஸ்டீரியோவும் வண்டியின் உடலோடு வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகியிருப்பதால், அவற்றுக்கிடையே உண்டாகும் மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின் அதிர்வையும் சுமந்துகொண்டு ஆக்ஸ் கேபிளின் எர்த் கம்பி வழியாக ஓடுகிறது. இதை கிரவுண்ட் லூப் என்கிறார்கள்.

தீர்வு ஒரு சிறு கருவி. ஆக்ஸ் கேபிளின் நடுவே பொருத்தும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டருக்குள் இரண்டு சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் உள்ளன. அவை ஒலியைக் காந்தப்புலத்தின் வழியே கடத்தி, எர்த் தொடர்பைத் துண்டித்துவிடுகின்றன. பொருத்தியதும் ரீங்காரம் முற்றிலும் மறைந்தது, ஆனால் அடிநாதம் சற்றே மெலிந்தது. செவி கொடுத்துக் கேட்பவர்களுக்கு அந்த வேறுபாடு தெரியும். ஆதலால் குறைந்த தூரமென்றால் முன்பே சார்ஜ் ஏற்றிய பிளேயரை நேரடியாக இணைக்கிறேன், நெடும்பயணத்தில் மட்டும் ஐசொலேட்டரைச் சேர்க்கிறேன். எதைச் செருகினாலும் கழற்றினாலும் அதற்கு முன் ஸ்டீரியோவின் ஒலியை இறக்கிவிடுவது ஸ்பீக்கருக்கு நல்லது.