காய்ந்த பிறகு தெரியும் கோலம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் வெள்ளி வேலை செய்கிற குடும்பத்துக்காரர்கள். போன வருடம் ஆனி மாதம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தன் 13 வயதுப் பையனைக் கூட்டிவந்தார். பையனுக்கு வலி எதுவும் இல்லை. பள்ளியில் பல் பரிசோதனை நடந்தபோது ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள், அதற்காக வந்தார்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தால் பற்கள் எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தன. “ஒண்ணுமில்லைங்களே டாக்டரம்மா, கிளம்பட்டுங்களா?” என்று அப்பா எழுந்துவிட்டார். “இருங்க அண்ணா, ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்” என்றேன்.

கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தைக் கண்ணால் பார்க்க வழியே இல்லை. சொத்தை அதிகம் ஒளிந்திருப்பதும் அங்கேதான். அதற்கான எக்ஸ்ரேவுக்குப் பையன், படத்தை வாங்கித் திரைக்கு அனுப்பும் சென்சாரைக் கடித்துப் பிடிக்க வேண்டும். அது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னது, பின்னால் வால் மாதிரி ஒரு ஒயர். ஓரம் நாக்குக்கு அடியில் குத்தும், குமட்டிக்கொண்டு வரும். “மூக்கால மூச்சு விடு கண்ணு. கால் கட்டைவிரலை ஆட்டிக்கிட்டே இரு” என்றேன். கவனம் காலுக்குப் போய்விட்டால் குமட்டல் அடங்கிவிடும்.

சில நொடிகளில் படம் திரைக்கு வந்தது. கீழ்த்தாடையில், முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லின் முன்பக்கச் சுவரில், பல்லின் கடினமான வெளி அடுக்கான எனாமலுக்குள்ளேயே நிற்கிற ஒரு சின்ன முக்கோண நிழல். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா திரைக்குப் பக்கத்தில் வந்து சரியாக அந்த இடத்திலேயே விரலை வைத்தார். “இங்க பத்தவெச்சது விட்ட மாதிரி இருக்குதுங்களே?” நாள் முழுக்க வெள்ளி வளையங்களைப் பற்றவைத்த இடத்தைப் பார்த்துப் பழகிய கண். படிப்பு முடிந்த புதிதில் எனக்கு அந்த நிழல் இவ்வளவு சீக்கிரம் பிடிபட்டதில்லை.

அடுத்து அவர் கேட்டது எல்லோரும் கேட்பதுதான். “சரிங்க, பூச்சி அரிச்சிருக்குது. இன்னைக்கே அடைச்சிருங்க.” வேண்டாம் என்றேன்.

பல்லில் பூச்சி இல்லை. நாம் சாப்பிடும் இனிப்பையும் மாவையும் வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு பி.ஹெச்.; அது 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். அப்புறம் எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, போன தாதுவில் கொஞ்சத்தைத் திருப்பிச் சேர்க்கும். இந்தப் போக்குவரத்து தினமும் பல தடவை நடக்கிறது. போவது கூடினால்தான் சொத்தை. மேற்பரப்பு உடைந்து குழி விழாதவரை அதை நிறுத்தவும் முடியும், ஓரளவு திருப்பவும் முடியும். இதில் எக்ஸ்ரேவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த இடத்தில் 30 முதல் 40 சதவீதத் தாது போன பிறகுதான் படத்தில் நிழல் தெளிவாகத் தெரியும். அதனால் நிழலே தெரியவில்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

வேண்டாம் என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கிளினிக்கில் சம்பளத்துக்கு இருந்தேன். அங்கே புதிதாக ஒரு லேசர் பேனா வந்தது. 655 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பல்லுக்குள் பாய்ச்சும். சொத்தையில் கிருமிகள் விட்டுவைக்கும் பொருள்கள் அந்த ஒளி பட்டதும் திருப்பி ஒளிரும். பேனா அதை அளந்து 0 முதல் 99 வரை ஒரு எண்ணாகக் காட்டும். எண் ஏற ஏறச் சத்தமும் ஏறும். ஒரு கல்லூரிப் பெண்ணின் கடைவாய்ப்பல் பள்ளத்தில் பழுப்பாக ஒரு கோடு. பேனா 41 காட்டியது. நான் துளையிட்டேன்.

உள்ளே ஒன்றுமில்லை. கல் மாதிரி எனாமல், மேலே வெறும் கறை. கறை, பற்காரை, பல்லைத் தேய்த்த பசை, எது பள்ளத்தில் இருந்தாலும் அந்த எண் கூடும். முதலில் பள்ளத்தைச் சுத்தம் செய்து, காயவைத்து, மறுபடி அளந்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. அடைத்து அனுப்பினேன், அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பல்லுக்கு விழுந்த முதல் குழி என் கையால் விழுந்தது. எனாமல் மறுபடி முளைக்காது. எந்த அடைப்பும் ஒரு நாள் தேயும், மாற்ற வேண்டியிருக்கும், மாற்றும்போதெல்லாம் குழி கொஞ்சம் பெரிதாகும். அன்றே அவளிடம் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

கருவியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என் அவசரத்துக்கு அது ஒரு சாக்காகிவிட்டது, அவ்வளவுதான். எப்படிப் பார்க்க வேண்டும் என்று நான் மறுபடி கற்றுக்கொண்டது கருவி எதுவும் இல்லாத இடத்தில்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து காப்பித் தோட்டங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலையாளி என்ற மலைப் பழங்குடியினரின் ஊர்கள். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பள்ளித் திண்ணையில் வெயில் விழும் பக்கமாகப் பிள்ளைகளை உட்கார வைத்து, பஞ்சால் பல்லை ஒற்றி, ரப்பர் ஊதியால் ஐந்து நொடி காற்றடிப்பேன். ஈரமாக இருந்தவரை ஒரே நிறமாகத் தெரிந்த பல்லில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளைத் திட்டு மெல்ல எழுந்துவரும். அரிசி மாவைக் கரைத்துப் போடும் இழைக்கோலத்தைக் கவனித்திருப்பீர்கள். போடும்போது மங்கலாக இருக்கும், காயக் காய வெளுத்துத் தெரியும். பல்லிலும் நடப்பது அதேதான். தாது போன நுண்துளைகளில் நீர் நிறைந்திருக்கும்போது ஒளி பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். நீர் போய்க் காற்று நுழைந்தால் ஒளி சிதறும், இடம் வெளுக்கும். காயவைத்தால்தான் தெரிகிற திட்டு மேலோட்டமானது. ஈரத்திலேயே தெரிந்தால் ஆழமாகப் போயிருக்கிறது.

அந்தத் திட்டுகளில், போன தாது திரும்பச் சேர உதவும் 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷைப் பூசி, மேக்ரோ லென்ஸ் மாட்டிய செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த தடவை போகும்போது அதே பல், அதே கோணம். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் திட்டு பரவியிருக்கிறதா, நின்றிருக்கிறதா, மினுமினுப்புத் திரும்பியிருக்கிறதா என்று அம்மாக்களே சொல்லிவிடுகிறார்கள். டிஜிட்டல் கொடுத்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். ஃபிலிம் காலத்தில் தபால்தலை அளவுப் படத்தை விளக்குக்கு நேரே பிடித்து நான் மட்டும் பார்ப்பேன். பல்லுக்குச் சொந்தக்காரர் நான் சொல்வதை நம்ப வேண்டும், வேறு வழியில்லை.

வெள்ளையாக இருப்பதெல்லாம் சொத்தையும் இல்லை. சேலம் மாவட்டத்தின் சில பகுதிகளிலும் தர்மபுரிப் பக்கமும் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எனாமலில் வெள்ளைக் கோடுகள் இருக்கும். இடதிலும் வலதிலும் ஒரே மாதிரி, பல்லின் குறுக்கே ஓடும். சொத்தையின் வெள்ளையோ அழுக்குப் படியும் இடத்தில்தான் உட்காரும். லேசர் பேனா இரண்டுக்கும் எண்ணை ஏற்றிக் காட்டலாம். எக்ஸ்ரேவைப் படித்துச் சந்தேக இடத்தில் கட்டம் போட்டுக்காட்டும் ஏ.ஐ. மென்பொருளை இப்போது நானும் பயன்படுத்துகிறேன். களைத்துப்போன மாலை நேரத்தில் நான் தவறவிடுவதை அது பிடித்திருக்கிறது. இரண்டு பல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த வெறும் நிழலுக்கும் கட்டம் போட்டிருக்கிறது. துளையிடுவதா வேண்டாமா என்பதை அதனிடம் விடுவதில்லை.

கொலுசுப் பட்டறைக்காரரின் பையனுக்கு அன்று வார்னிஷ் பூசி, பல் இடுக்கில் நூல் விடச் சொல்லிக் கொடுத்தேன். இரவு பல் தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது, ஆறு மாதம் கழித்து வர வேண்டும் என்றேன். வலி இல்லாத பல்லுக்கு யார் திரும்பி வருவார்கள் என்ற கவலை எனக்கு இருந்தது. தை பிறந்ததும் வந்தார்கள். மறுபடி சென்சார், மறுபடி கட்டைவிரல். பழைய படமும் புதிய படமும் திரையில் பக்கம் பக்கமாக நின்றன. நிழல் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது.

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “ஓடலைங்க, நின்னுருச்சு” என்றார். அப்புறம், சின்னவளுக்கு ஆறு வயதாகிறது, பின்னால் ஏதோ புதுப் பல் முளைக்கிறது, அது பால்பல்தானே, விழுந்துவிடும்தானே என்று கேட்டார். இல்லை அண்ணா, அது விழாது, இந்தப் பையனுக்கு நிழல் இருக்கிறதே, அதே பல்தான் அது என்றேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டிவரலாமா என்று கேட்டார். ஞாயிறு நான் மலைக்குப் போகிறேன், சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள் என்றேன்.