கூடுதல் ஒரு மணி நேரம்

அக்கா மகன் பத்தாம் வகுப்பு. கணக்கை மனசிலேயே போட்டு விடை சொல்லிவிடுவான். அதையே கேள்வித்தாளில் படிக்கச் சொன்னால் திணறுவான். டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்துகளைப் படிப்பதில் வரும் கற்றல் குறைபாடு. ‘கொ’வில் கொம்பு முன்னால், கால் பின்னால், ஒலியோ நடுவில் இருக்கும் ககரத்தில் தொடங்குகிறது. அங்கேதான் சிக்குவான். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர், அட்டையில் சின்னச் சன்னல் வெட்டி, ஒரு நேரத்தில் ஒரு சொல் மட்டும் தெரியும்படி வரிமேல் நகர்த்தப் பழக்கினார். செலவே இல்லை, நன்றாகவே உதவுகிறது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியிலோ, “இதெல்லாம் கேட்டா பின்னாடி பையனுக்குத்தான் கஷ்டம், விட்டுடுங்கம்மா” என்றார்கள். (என்ன கஷ்டமோ!) “அதையே எழுதிக் குடுங்க சார்” என்றாள் அக்கா. அப்புறம் விண்ணப்பம் மளமளவென்று போய்விட்டது.

மொழி விலக்கை மட்டும் அவனே வேண்டாம் என்றுவிட்டான். தமிழ்த் தேர்வு எழுதியே தீருவானாம்.