வெள்ளியங்கிரி: ஏறினது பெரிசில்லை, இறங்கினதுதான்

கோயம்புத்தூர் பக்கத்தில் இருக்கிற வெள்ளியங்கிரி மலையின் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி விற்றுக்கொண்டிருந்த அம்மா, "தடி இல்லாம போகாதீங்க சாமி, ஏறும்போது தெரியாது" என்றார். நான் வாரத்தில் நாலு நாள் ஓடுகிறவன், எனக்கு எதுக்குத் தடி என்ற நினைப்பு. கூட வந்த நண்பன் வாங்கின பிறகு வெட்கத்துக்காக ஒன்று வாங்கிக்கொண்டேன்.

மார்ச் மாதம், பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் போனோம். பிப்ரவரி முதல் மே வரைதான் மலையேற விடுவார்கள். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் எல்லாரும் ராத்திரியில்தான் ஏறுகிறார்கள். வனத்துறை ஆட்கள் பையைத் திறந்து பார்த்து, பிஸ்கட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் காகிதத்தில் மாற்றித் தந்தார்கள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் மேலே ஓடைக்குள் கிடந்த பழைய பாட்டில்களைப் பார்த்தபோது அந்த எரிச்சல் போய்விட்டது.

ஏழு மலை, உச்சி சுமார் 6,000 அடி. முதல் மலை முழுக்கக் கல் படி, அதுவும் ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரை அடி, ஒரே மாதிரி கால் வைக்கவே முடியாது. வெள்ளை விநாயகர் கோயிலுக்கு வருவதற்குள் சட்டை பிழிகிற மாதிரி நனைந்துவிட்டது. அப்புறம் வழுக்குப்பாறை, கைதட்டி சுனை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின, சரியாக நினைவில்லை. நினைவிருப்பது வழியில் குடித்த சுக்கு காபியும், "இன்னும் எவ்வளவு தூரம் சாமி?" என்று கேட்டால் இறங்கி வருகிற ஒவ்வொருத்தரும் "பக்கம்தான்" என்று சொன்னதும்தான். அத்தனையும் பொய்.

நாலாவது மலைக்கு மேல் மரம் குறைந்து புல்வெளி வந்தது. காற்று அடித்த அடியில், வியர்த்திருந்த உடம்பு நடுங்க ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் கீழே கோயம்புத்தூர் விளக்குகள், யாரோ நெல் உலர்த்தினது போல விரிந்து கிடந்தன. ஆறாவது மலையில் இறங்கினால் ஆண்டி சுனை. அந்த நேரத்திலும் ஒரு பெரியவர் முங்கிக் குளித்துக்கொண்டிருந்தார், அறுபது வயதுக்குக் குறையாது, வெறுங்கால். நான் முகம் மட்டும் கழுவினேன், அதற்கே பல் தந்தியடித்தது.

ஏழாவது மலை செங்குத்து. பல இடத்தில் கையை ஊன்றித்தான் ஏறினோம். பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற இடுக்குக்குள்தான் சுயம்பு லிங்கம். கும்பிட்டுவிட்டு வெளியே வரவும் கிழக்கே வெளிச்சம் வரவும் சரியாக இருந்தது. காலுக்குக் கீழே மேகம், மேற்கே மடிப்பு மடிப்பாகக் கேரளத்து மலைகள். போன் எடுக்க விரல் வரவில்லை, விறைத்துப்போயிருந்தது.

இறங்கும்போதுதான் வினை. மூன்றாவது மலைக்கு வருவதற்குள் வலது முட்டி போச்சு, பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினேன். வெயில் வேறு. முதல் மலைப் படியில் தொடை தானாக ஆடியது, தடி மட்டும் இல்லையென்றால் உட்கார்ந்தே தேய்த்துக்கொண்டுதான் வந்திருப்பேன். சுனையில் குளித்த பெரியவர் என்னைத் தாண்டிப் போகையில், "மெதுவா வாங்க தம்பி, அவசரமில்ல" என்றார்.

அடிவாரத்தில் அந்த அம்மா தடியைத் திருப்பிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். கொடுக்கவில்லை, பஸ்ஸில் ஏற அது வேண்டியிருந்தது.