சொறியும் சோரியும்

கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து இரண்டாம் கிழமை. ஃபின்ச் பஸ்ஸுக்குள் சரியான சனம். சாரதி பிரேக் போட்ட வேகத்தில் முன்னால் நின்றவரின் காலை என் பனிச்சப்பாத்தால் நன்றாக மிதித்துவிட்டேன். நான் வாய் திறக்க முதல் அந்த மனுசன் "சோரி" என்றார். நக்கலோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மெய்யாகத்தான்.

இரவு அத்தானிடம் சொன்னேன். "இஞ்சை அது மன்னிப்பு இல்லை தம்பி. தும்மினா இருமின மாதிரி, தானா வாறது."

ஊரில் அதை நாங்கள் 'சொறி' என்றுதான் எழுதுவோம். தமிழ்நாட்டு நண்பர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடினால் பழைய ஆங்கிலத்தில் புண், நோவு என்ற 'சோர்' தான் வருகிறது. துக்கத்தைக் குறிக்கும் 'சொரோ' வேறு வேர். எங்கள் எழுத்து அவ்வளவு பிழையில்லை!

அதன் சொந்தக்காரச் சொற்கள்தான் என்னைப் படுத்தின. வழி விடக் கேட்க 'எக்ஸ்கியூஸ் மீ'; காது கேளாவிட்டால் 'பார்டன்'. 'ரிக்ரெட்' எனக்குக் கடிதத்தில்தான் அறிமுகம். வேலை கேட்டு எழுதிய இடங்களிலிருந்து வந்த பதில்களில் முதல் வரியிலேயே நிற்கும். அதைக் கண்டால் மிச்சம் வாசிக்கத் தேவையில்லை.

'அப்போலஜி' கனமான சொல். 1914இல் பெரும்பாலும் சீக்கியர்கள் வந்த கோமகாட்டா மாரு கப்பலைக் கனடா திருப்பி அனுப்பியதற்காக 2008இல் சர்ரே பூங்கா ஒன்றில் பிரதமர் ஹார்ப்பர் அந்தச் சொல்லைச் சொன்னார். பூங்காவில் சொன்னது காணாது, நாடாளுமன்றத்தில் சொல் என்றார்கள் அங்கிருந்த சீக்கியர்கள். 2016 மே 18இல் அப்போதைய பிரதமர் ட்ரூடோ நாடாளுமன்றத்திலேயே சொன்னார்.

முதல் மாரியில் என் கார் ஐஸில் வழுக்கி முன்கார் ஒன்றை முட்டியது. ஊர்ப் பயத்தில் வாயே திறக்கவில்லை. சொறி சொன்னால் பழி நம் தலையில்தானே? எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2009இலேயே அதற்கொரு சட்டம் வந்துவிட்டதாம்: நட்டஈட்டு வழக்குகளில் மன்னிப்புக் கேட்டதைக் குற்ற ஒப்புதலாக எடுக்கமாட்டார்கள். போக்குவரத்துக் குற்ற வழக்கென்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இப்போது எனக்கும் அது தானாக வருகிறது. போன ஞாயிறு அம்மாவுக்கு எடுத்து, "சொறி அம்மா, நேற்று எடுக்கேல்லை" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"என்னடா, பிறத்தியாரோட கதைக்கிற மாதிரி கதைக்கிறாய்?"