தெரு இருக்க வேண்டிய இடத்தில் தண்டவாளம்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், நியூ ஆற்றங்கரையில் தர்மண்ட் என்றொரு ஊர். 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 5 பேர். ஆற்றைத் தாண்டி ஊருக்குள் போக, ரயில் பாலத்தின் ஓரத்தில் ஒரே ஒரு கார் போகிற அளவுக்குப் பாதை ஒட்டவைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் பழைய பேங்க் கட்டிடமும் சில செங்கல் கட்டிடங்களும் வரிசையாக நிற்கின்றன, ஆனால் முன்னால் தெரு இல்லை, தண்டவாளம்தான். கடை வாசலைவிட்டு நாலு எட்டு வைத்தால் ரயில் பாதை. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடைத்ததே அவ்வளவு இடம், அதையும் ரயில் எடுத்துக்கொண்டது.

1873இல் செசபீக் அண்ட் ஒஹாயோ ரயில் பாதை அந்தப் பள்ளத்தாக்கு வழியாக வந்தது. அப்புறம் சுற்றுவட்டாரச் சுரங்கங்களின் கரியெல்லாம் கிளைப் பாதைகளில் இங்கே வந்து சேர்ந்தது. 1910 வாக்கில் ஒரு நாளைக்கு 15 பயணிகள் ரயில், வருஷத்துக்கு 95,000 பயணிகள் வரை. லாட்ஜுகளில் இடமே கிடைக்காதாம்.

கரிச் சுரங்கங்கள் மூடியதால் ஊர் போச்சு என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. 1930இல் பெரிய ஹோட்டல் எரிந்தது, அடுத்த வருஷம் பேங்க் மூடியது, ரோடு வந்ததும் ஜனங்கள் காரில் வெளியே போய்ச் சாமான் வாங்க ஆரம்பித்தார்கள், எல்லாம் சரி. இருந்தும் ஊர் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தது, ஏனென்றால் நீராவி இன்ஜின் நிற்காமல் போக முடியாது. அதற்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், கரி போட வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும், ஷெட்டில் விட்டு ரிப்பேர் பார்க்க வேண்டும், ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது. டீசல் இன்ஜினுக்கு இதில் முக்கால்வாசி வேண்டாம். 1940களிலும் 50களிலும் டீசல் வந்தது, வண்டி நிற்கிற தேவையே போய்விட்டது.

1922இல் கட்டிய கரிக் கோபுரம் இன்னும் பாதையோரம் நிற்கிறது. காங்கிரீட், ராட்சத உயரம். இன்ஜின் கீழே வந்து நிற்க, மேலேயிருந்து கரி கொட்டும். அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு சரக்கு ரயில் வந்தது, வேகத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் அந்தக் கடை வாசல்களை ஒட்டியே போனது, கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை கால் அடியில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது.

ஸ்டேஷனை 1995இல் தேசியப் பூங்காத் துறை புதுப்பித்திருக்கிறது. வாரம் மூன்று நாள், அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் கார்டினல் ரயில் உண்டு, ஏறவோ இறங்கவோ யாராவது இருந்தால் மட்டும் நிற்கும்.