மகப்பேறு விடுப்புக்கு முன்னால் வகுப்பை ஒப்படைத்த கதை

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. நான்கையும் ஐந்தையும் தலைமையாசிரியர் பார்க்கிறார். காலாண்டு விடுமுறையோடு எனக்கு மகப்பேறு விடுப்பு தொடங்கியது. அரசு விதிப்படி 2021 ஜூலையிலிருந்து அந்த விடுப்பு 12 மாதம். ஒருநாள் தற்செயல் விடுப்பு என்றால் சார் இரண்டு அறைக்கும் நடந்து நடந்தே சமாளித்துவிடுவார். ஒரு வருஷம் அப்படி ஓட்ட முடியுமா? மாற்றுப் பணியில் ஒரு டீச்சர் வருவார் என்றார்கள். யார், எந்த ஊர் என்பது கடைசிவரை தெரியவில்லை. சரி, யார் வந்தாலும் வந்த அன்றே கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போகிற மாதிரி ஒரு நோட்டு எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் பக்கம் வலிப்பு வரும் ஒரு பையனுக்கு. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. பிள்ளைகள் பீரோ சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள், கையில் இரும்பைக் கொடுக்க வேண்டாம், மணி பார்த்தால் போதும். இதைச் சிவப்பு மையில் எழுதி, அவன் அம்மாவின் போன் நம்பரையும் போட்டேன்.

அடுத்தது, சாயங்காலம் யார் யாரோடு போவார்கள் என்பது. எங்கள் பக்கம் அம்மாமார் பலர் பீடி சுற்றுகிறார்கள். பீடிக்கடையில் கணக்குக் கொடுத்துவிட்டு வர நேரமாகிவிட்டால் ஆச்சி வருவார்கள், சில நாள் பக்கத்து வீட்டு அண்ணன் வருவான். யாரோடு அனுப்பலாம், யார் வந்து கேட்டாலும் அனுப்பக் கூடாது என்பதை வீடு வீடாகக் கேட்டே எழுதினேன்.

பாடத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் கற்க அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் வந்த பிறகு, எந்தச் செயல்பாட்டை எப்படி நடத்த வேண்டும் என்பது ஆசிரியர் கையேட்டிலேயே இருக்கிறது. தொடக்க நிலை அரும்பு, அடுத்தது மொட்டு, அதற்கும் மேல் மலர் என்று யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதற்கும் பதிவு இருக்கிறது. ஏன் அந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதுதான் எதிலும் கிடையாது. புதிதாக வருகிறவருக்கு நாம் கொடுக்க வேண்டியது அதைத்தான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

அரும்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள். எழுத்தெல்லாம் தெரியும். ஆனால் புது ஆள் எழுப்பி நிறுத்திக் கேட்டால் அன்று முழுக்க வாய் திறக்க மாட்டாள். அவளோடு தரையில் உட்கார்ந்து, சாக்பீஸைக் கொடுத்து, பிள்ளைகள் எழுதுகிற கீழ்மட்டக் கரும்பலகையில் அவள் கட்டத்தைக் காட்டினால் போதும், சொன்னதெல்லாம் எழுதுவாள். அதே அரும்பில் இன்னொருவன், பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும்தான் தப்பு விடுவான். காதால் கேட்டு எழுதினால் சரியாக இருக்கும். கண் பார்க்கச் சொல்லி வீட்டில் சொல்லியாகிவிட்டது. கண்ணாடி வரும்வரை முன்னால் உட்கார வையுங்கள், எழுதியதை வைத்து நிலையைக் குறிக்காதீர்கள் என்று எழுதினேன். இப்படிப் பிள்ளைக்கு ஒரு தாள். இடது பக்கம் நான் எழுதியது, வலது பக்கம் அவர் எழுத.

அறையில் பெரிய வேலை இல்லை. பீரோ தட்டுகளில் மின்அட்டை (ஃப்ளாஷ் கார்டு), மணிச்சட்டம், பயிற்சி நூல் என்று சீட்டு ஒட்டினேன். கீழ்த் தட்டைக் காலியாக விட்டேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிக் கரையில் தண்ணீர் எங்கெல்லாம் ஏறியது என்று பார்த்தவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் புத்தகத்தைத் தரையோரம் வைக்க மாட்டார்கள். வெளியூர்க்காரருக்கு அதைச் சொல்ல வேண்டுமே. பங்குனி உத்திரத்துக்குப் பாதி வகுப்பு சாஸ்தா கோவிலுக்கும், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கும் போய்விடும், அந்த நாட்களில் புதுப் பாடம் தொடங்க வேண்டாம் என்றும் குறித்தேன்.

நோட்டு முடிந்ததும் சாரிடம் கொடுத்து, ஒரு காலைப்பொழுது அதை மட்டும் வைத்து வகுப்பெடுக்கச் சொன்னேன். நான் பின்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் எங்கே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாரோ, அங்கெல்லாம் ஒரு வரி சேர்த்தேன். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலில் தொங்கும் பிள்ளைகளின் படங்களை யார் கழற்றலாம் என்று பிள்ளைகளுக்குள் ஒரு முறை உண்டு. எனக்குப் பழகிப்போனது, அவருக்கு அது ஒரு பெரிய சண்டையாகத் தெரிந்தது.

பிள்ளைகளிடம் நான் போவதை மறைக்கவில்லை. “டீச்சர், புது டீச்சர் அடிப்பாங்களா?” என்றுதான் முதலில் கேட்டார்கள். அடிக்க மாட்டாங்க, அவங்களுக்கு நம்ம வகுப்பு தெரியாது, நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும் என்றேன். சாக்பீஸ் எடுத்துக் கொடுப்பது, குடிதண்ணீர்ப் பானை இருக்கும் இடத்தைக் காட்டுவது, மணி அடிப்பது என்று ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொண்டார்கள்.

வந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ராத்திரி எட்டுக்கு மேல் குரல் பதிவு அனுப்புங்கள், பாப்பா தூங்கியதும் பதில் போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். முதல் வாரம் தினமும் வந்தது. அப்புறம் குறைந்துபோய், இரண்டாம் பருவப் பயிற்சி நூல் வந்தபோது, நிலை மாறிய பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது என்று மட்டும் கேட்டார். அதற்கு அந்தந்தப் பிள்ளையின் தாளில் வலது பக்கத்தில் அவரே பதில் எழுதி வைத்திருந்தார்.